நிலவேம்பில் புதிய சேர்மம் தேடுவது எப்படி?

நிலவேம்புத் தூளை மெத்தனாலில் ஊறவைத்தால் அதன் முக்கியக் கசப்புச் சேர்மமான ஆண்ட்ரோகிராபோலைடு வந்துவிடும். 1911-லேயே தூய்மையாகப் பிரித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, சாற்றைப் பிரிக்கும்போது கிடைக்கும் சிறுசிறு ஃபிராக்‌ஷன்களில்தான் தேட வேண்டும். டிஎல்சி (மென்படல நிறப்பகுப்பு) தட்டில் புள்ளி வைப்பதும் கரைப்பானை வற்றவைக்கும் ரோட்டரி எவாபரேட்டரை ஓட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: செடி. பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, ஹெர்பேரியத்தில் (உலர் தாவரக் காப்பகத்தில்) கொடுத்து அடையாளச் சான்று வாங்குங்கள். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இதற்கு நல்ல இடம். சான்று எண் இல்லாத கட்டுரையை எந்த நல்ல இதழும் ஏற்காது. நாட்டு மருந்துக் கடைத் தூள் குடிநீர் காய்ச்சத்தான் சரி, இந்த வேலைக்கு ஆகாது.

படி 2: சாறு. நிழலில் உலர்த்தி, அரைத்து, முதலில் ஹெக்சேனில் அலசுங்கள். மெழுகும் பச்சையத்தில் ஒரு பகுதியும் போய்விடும். அப்புறம் மெத்தனாலில் மூன்று முறை ஊறவைத்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்தால் போதும். அந்தச் சாற்றை நீரில் கலக்கி, எத்தில் அசிட்டேட்டாலும் பிறகு பியூட்டனாலாலும் பிரித்தெடுங்கள். பிரிபுனலில் இரண்டு அடுக்கும் பிரியாமல் பால்போல நின்றால் கொஞ்சம் உப்பு போடுங்கள்.

படி 3: காலம் (column), அதாவது சிலிகா நிரப்பிய குழாயில் சாற்றைப் பிரிப்பது. 60–120 மெஷ் சிலிகாவை நான் தொடுவதே இல்லை (மெஷ் எண் கூடினால் துகள் சிறிது). 230–400 மெஷ், லேசான காற்றழுத்தம். சாற்றின் எடையைப்போல 30 மடங்கு சிலிகா எடுத்து, சாம்பிளைத் தூளாகவே ஏற்றுங்கள். மிச்சப் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தால் செஃபடெக்ஸ் எல்ஹெச்-20 என்ற ஜெல்லில் ஓட்டுங்கள். விலை அதிகம்தான், ஆனால் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

படி 4: இது ஏற்கெனவே தெரிந்ததா? பலர் இதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். தூய்மைப்படுத்தும் முன்பே எல்சி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் கருவி) ஓட்டிவிடுங்கள். எம்/இசட் (நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம்) 351, 373, கூடவே ஒரு நீர் மூலக்கூறை இழந்த 333 என்று வந்தால் அது பழைய ஆண்ட்ரோகிராபோலைடுதான். மற்ற நிறைகளை ஜிஎன்பிஎஸ் (GNPS), கோகோநட் (COCONUT) என்ற இயற்கைச் சேர்மத் தரவுத்தளங்களில் தேடிப் பாருங்கள். இரண்டும் இலவசம்.

391.28 வந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட். உடைத்துப் பார்த்தால் 149 எட்டிப் பார்க்கும். கரைப்பான் கேனிலிருந்தோ பிளாஸ்டிக் குழாயிலிருந்தோ வந்திருக்கும். செடியே இல்லாமல், அதே அளவு கரைப்பானை மட்டும் வற்றவைத்து ஒரு வெற்றுச் சாம்பிள் ஓட்டினால் விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொரு கண்ணி மெத்தில் எஸ்டர். செடியில் அமிலமாக இருந்தது மெத்தனாலில் ஊறும்போது எஸ்டராக மாறியிருக்கலாம். கொஞ்சம் தூளை எத்தனாலில் ஊறவைத்துப் பாருங்கள். அந்த உச்சி மறைந்து, நிறை 14 கூடிய வேறொன்று தோன்றினால் அதைச் செய்தது உங்கள் கரைப்பான், செடி அல்ல.

படி 5: அமைப்பு. துல்லிய நிறையிலிருந்து வாய்பாடு, வாய்பாட்டிலிருந்து நிறைவுறாமை எண் (வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் மொத்தம் எத்தனை என்பது). பழகிப்பார்க்க ஆண்ட்ரோகிராபோலைடையே எடுத்துக்கொள்ளலாம்: கார்பன் 20, ஹைட்ரஜன் 30, ஆக்சிஜன் 5. (2×20+2−30)÷2 = 6. இரண்டு கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு, ஒரு கார்பனைல், மூன்று வளையம், கணக்கு சரி. கார்பன் என்எம்ஆரில் (காந்த ஒத்திசைவு நிறமாலையில்) 170 பிபிஎம் அருகே லாக்டோன் (வளைய எஸ்டர்) கார்பனைல் நிற்கும். எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனில் என்பதை ஹெச்எஸ்க்யூசி என்ற இருபரிமாண என்எம்ஆர் சொல்லும். துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்க ஹெச்எம்பிசி என்ற இன்னொரு இருபரிமாண என்எம்ஆர். முப்பரிமாண அமைப்புக்கு நல்ல படிகம் கிடைத்தால் எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பின்சேர்க்கை: என்எம்ஆர் எடுக்கும்போது டியூட்டரேட்டட் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள) குளோரோஃபார்மில் சாம்பிள் சரியாகக் கரையவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆண்ட்ரோகிராபோலைடு குடும்பத்துச் சேர்மங்களுக்கு டியூட்டரேட்டட் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) நன்றாக வேலை செய்யும், ஹைட்ராக்சில் ஹைட்ரஜன்களும் தெரியும். ஆனால் அதன் கொதிநிலை 189 டிகிரி என்பதால் சாம்பிளைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. கையில் இருப்பதே ஓரிரு மில்லிகிராம் என்றால் முதலில் டியூட்டரேட்டட் மெத்தனாலில் எடுங்கள். ஏற்கெனவே டிஎம்எஸ்ஓவில் போட்டுவிட்டவர்கள் நிறைய நீர் சேர்த்து சி-18 கார்ட்ரிட்ஜில் (சேர்மத்தைப் பிடித்துவைக்கும் சிறு குழாயில்) ஏற்றி, நீரால் நன்றாகக் கழுவிவிட்டு மெத்தனாலால் இறக்கிக்கொள்ளலாம்.