பிராக் – வியன்னா காரில் போகிறீர்களா? டெல்ச்சில் நிறுத்துங்கள்

நேரே பிர்னோ நகரம் வழியாகப் போனால் நாலு மணி நேரத்தில் வியன்னா வந்துவிடும், ஆனால் அவசரம் இல்லையென்றால் டி1 நெடுஞ்சாலையில் யிஹ்லாவா வந்ததும் தெற்கே திரும்பி டெல்ச்சுக்குப் போங்கள். சுமார் 30 கிலோமீட்டர்தான். 1992-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். நீளமான சதுக்கம், இரண்டு பக்கமும் வண்ண வண்ண வீடுகள், கீழே வளைவுத் தாழ்வாரம், சுற்றிலும் குளங்கள். இரண்டு மணி நேரம் தாராளமாக ஒதுக்குங்கள், அப்புறம் ஸ்னோய்மோ வழியாக எல்லை தாண்டலாம்.

முக்கியமான விஷயம்: செக், ஆஸ்திரியா இரண்டுக்கும் நெடுஞ்சாலைக் கட்டணம் தனித்தனி. செக் நாட்டில் இப்போது கார் கண்ணாடியில் ஒட்டும் கட்டண ஸ்டிக்கர் கிடையாது, வண்டி எண்ணை வைத்து ஆன்லைனில் கட்ட வேண்டும். வாடகைக் கார் என்றால் ஏற்கெனவே கட்டியிருக்கிறதா, எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.