டர்பனிலிருந்து சென்னைக்கு: வீட்டுச் செலவிலேயே பயணப் புள்ளி சேர்ப்பது எப்படி

அரிசி, பருப்பு, சலவைத்தூள், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, மருந்து என்று மாதாமாதம் எப்படியும் கையை விட்டுப் போகிற பணம்தான், பின்னர் விமானச் சீட்டாக மாற்றக்கூடிய பயணப் புள்ளிகளுக்கு மூலதனம். அந்தப் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் மாற்றினால் போதும். புள்ளிக்கென்று புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அந்தக் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

முதலில், சேர்க்கப்போவது எந்த வகைப் புள்ளி என்று தெளிவாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ராண்ட் மதிப்பு நிலையாக இருக்கும் வங்கிப் புள்ளிகள். எஃப்என்பி வங்கியின் ஈபக்ஸ் 10 சேர்ந்தால் 1 ராண்ட். டிஸ்கவரி வங்கியின் மைல்ஸும் 10க்கு 1 ராண்ட்தான். பெயரில் மைல் இருந்தாலும் பறக்கும் தூரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்னொன்று, விமான நிறுவனங்களின் மைல்கள்: எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ், கத்தார் ஏர்வேஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் தரும் ஏவியாஸ், சௌத் ஆப்ரிக்கன் ஏர்வேஸின் வாயேஜர். இவற்றுக்கு நிலையான விலை இல்லை. எந்த நாள், எந்த வழி, எந்த வகுப்பு என்பதைப் பொறுத்து மதிப்பு ஏறும், இறங்கும்.

விமான மைலின் மதிப்பைக் காண ஒரு சின்னக் கணக்கு போதும். காசு கொடுத்து வாங்கினால் சீட்டு விலை எவ்வளவு என்று பாருங்கள். மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியையும் கூடுதல் கட்டணத்தையும் அதிலிருந்து கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: சீட்டு 14,000 ராண்ட், வரியும் கட்டணமும் 5,000, தேவைப்படும் மைல் 60,000 என்றால், 9,000ஐ 60,000 ஆல் வகுக்க, ஒரு மைல் 15 சென்ட். நிலையான வங்கிப் புள்ளி ஒன்றின் மதிப்பு 10 சென்ட். ஆக, ஒரு வங்கிப் புள்ளியை ஒரு மைலாக மாற்ற முடிந்தால் இங்கே மாற்றுவது லாபம். அதே கணக்கில் 7 சென்ட் வந்தால் மாற்றாமல், காசு விலைச் சீட்டுக்கே வங்கிப் புள்ளியைச் செலவழிப்பது நல்லது. வரியைக் கழிக்க மறந்து, ‘இலவசச் சீட்டு’ என்று நம்பிவிடுவதுதான் இங்கே பலர் செய்யும் தவறு.

அட்டைதான் அடித்தளம்

இணையத்தில் பணம் கட்டும்போது கடன் அட்டைக்குத்தான் பெரும்பாலும் அதிகப் புள்ளி. கடைக்காரர் ஒவ்வொரு அட்டைப் பரிமாற்றத்துக்கும் ஒரு கட்டணம் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி உங்கள் வங்கிக்குப் போகிறது. அதிலிருந்துதான் புள்ளிக்குப் பணம் வருகிறது. அதனால்தான் ஓசோ, பேஷாப், நேரடி இஎஃப்டி என்று அட்டையில்லாமல் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் அனுப்பும் வழிகளில் கட்டினால் அட்டைப் புள்ளி விழாது.

பணம் கட்டும் பக்கத்தில் ‘ஸ்ட்ரெய்ட்’ (தவணையில்லாமல்), ‘பட்ஜெட்’ (மாதத் தவணையில்) என்று இரண்டு தேர்வு வந்தால் எப்போதும் ஸ்ட்ரெய்ட். உள்ளூர் வங்கிகள் சொல்லும் ‘55 நாள் வரை வட்டியில்லை’ என்பது ஸ்ட்ரெய்ட்டுக்கு மட்டுமே. பட்ஜெட்டில் தவணை தொடங்கும்போதே வட்டியும் தொடங்கிவிடும்.

வட்டி என்ன செய்யும் என்று பாருங்கள். மாதம் 9,000 ராண்ட் இணையச் செலவு, 1 விழுக்காடு புள்ளி என்றால் கிடைப்பது 90 ராண்ட். அதே 9,000ஐ ஒரு மாதம் கட்டாமல் ஆண்டுக்கு 20 விழுக்காடு வட்டியில் விட்டால் போவது 150 ராண்ட். கடன் அட்டை வட்டிக்குச் சட்டம் விதித்த உச்சவரம்பே ரிப்போ விகிதத்துடன் (மத்திய வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 14 விழுக்காடு சேர்ந்தது. எனவே முழு நிலுவையும் தானாகக் கட்டப்படும்படி டெபிட் ஆர்டர் போட்டபிறகே புள்ளியைப் பற்றி யோசியுங்கள். அட்டையை ஒரு படி உயர்த்தச் சொன்னாலும் இதே கணக்குதான்: மாதக் கட்டணம் 60 ராண்ட் கூடினால் ஆண்டுக்கு 720. ஆண்டுப் புள்ளி வருமானமே 1,080 ராண்ட் என்றால் மிஞ்சுவது 360தான்.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

ஒரே செலவில் மூன்று அடுக்குப் புள்ளி கிடைக்கலாம்: அட்டை தருவது, கடையின் சொந்த விசுவாசத் திட்டம் தருவது, வங்கி அல்லது விமான நிறுவனத்தின் ஷாப்பிங் பக்கம் (கடைகளுக்கான இணைப்புகள் உள்ள இணையப் பக்கம்) தருவது. முதல் இரண்டும் எளிது. கடைக் கணக்கில் திட்ட எண்ணை ஒருமுறை பதிந்துவிட்டால் முடிந்தது. செக்கர்ஸ் பல்பொருள் அங்காடியின் எக்ஸ்ட்ரா சேவிங்ஸ் போன்றவை புள்ளி தராமல் உடனடித் தள்ளுபடி தருபவை. அதையும் விட்டுவிடாதீர்கள், கையில் நிற்கும் காசு அது.

மூன்றாவதில்தான் சிக்கல் அதிகம். அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் கடைக்குப் போனதற்காகக் கடை ஒரு தரகு கொடுக்கிறது. அதில் ஒரு பங்கு உங்களுக்குப் புள்ளியாக வருகிறது. நீங்கள் அந்த வழியாக வந்ததற்கு ஒரே சாட்சி, ப்ரௌசரில் விழும் ஒரு குக்கீ, அதாவது கடைத்தளம் பதித்துவைக்கும் சிறு அடையாளக் கோப்பு. அது அழிந்தால் புள்ளியும் போயிற்று. ஆகவே விளம்பரத் தடுப்பானை அணைத்துவிடுங்கள். வேண்டிய பொருள்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கூடையைக் காலியாக வைத்து, இணைப்பைச் சொடுக்கி, அதே சன்னலில் கூடையை நிரப்பிப் பணம் கட்டி முடியுங்கள். இடையில் விலை ஒப்பிடும் தளத்துக்கோ, கூப்பன் தேடும் ப்ரௌசர் நீட்டிப்புக்கோ போனால், கடைசியாகச் சொடுக்கிய இடத்துக்குத் தரகு மாறிவிடும். கைப்பேசியில் இணைப்பு கடையின் செயலிக்குத் தாவிவிட்டாலும் பல நேரம் பதிவாகாது; கணினியில் வாங்குவதே நம்பகமானது. வெளிநாட்டுக் கடை என்றால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் 15 விழுக்காடு வாட் வரியையும் முன்கூட்டியே சேர்த்துப் பாருங்கள். கிடைக்கும் புள்ளியை அவையே விழுங்கிவிடலாம்.

ஆர்டர் உறுதியானதும் திரையைப் படமெடுத்து, தேதி, தொகை, ஆர்டர் எண்ணோடு ஒரே கோப்பில் வையுங்கள். புள்ளி முதலில் ‘நிலுவை’ என்றுதான் காட்டும். கடையின் திருப்பியனுப்பும் காலம் முடிந்தபின்தான் உறுதியாகும். வராவிட்டால் புகாருக்கு இந்தப் படம்தான் ஆதாரம். புகார் கொடுக்கக் கெடு உண்டு, அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பொருளைத் திருப்பியனுப்பினால் புள்ளியும் திரும்பப் போகும். இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை, கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்ப மின்வணிகச் சட்டம் உரிமை தருகிறது. மளிகைக்கும், குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் விமானச் சீட்டுக்கும் அந்த உரிமை கிடையாது.

முன்பணம் கட்டி வாங்கும் மின்சார டோக்கன், கைப்பேசி ஏர்டைம், லாட்டரி, பரிசு வவுச்சர், நகராட்சி பில் ஆகியவற்றுக்குப் பல திட்டங்கள் புள்ளி தராது, அல்லது குறைத்துத் தரும். குடும்பச் செலவில் இவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால், விதிமுறையில் விலக்குப் பட்டியலைப் படித்தபிறகே மாதப் புள்ளியை மதிப்பிடுங்கள்.

பெயர், காலாவதி, குடும்பம்

விமானத் திட்டத்தில் சேரும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி இடறும் இடம். தலைப்பெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் இன்னோரிடத்தில் சுருக்கியும் எழுதினால், அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் போய் உட்கார்ந்தால், பயணத்துக்கான மைல் கணக்கில் ஏறாமல் போகலாம்.

ஸ்கைவார்ட்ஸ் மைல்கள் மூன்று ஆண்டுவரை செல்லும். மூன்றாம் ஆண்டில் உங்கள் பிறந்த மாத முடிவில் காலாவதியாகும். ஏவியாஸ், கணக்கில் 36 மாதம் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால்தான் போகும். சிறிதளவு சேர்த்தாலே உயிரோடிருக்கும். ஸ்கைவார்ட்ஸில் குடும்பக் கணக்கு தொடங்கி எட்டுப் பேர்வரை சேர்க்கலாம். அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று துண்டுதுண்டாகக் கிடக்கும் மைல்கள் அங்கே ஒன்றாகும். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் கணக்குகளை இணைத்தால் ஏவியாஸை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம்.

வங்கிப் புள்ளியை விமான மைலாக மாற்றினால் பொதுவாகத் திரும்ப வராது. இருக்கை கிடைக்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகே மாற்றுங்கள். சௌத் ஆப்ரிக்கன் ஏர்வேஸ் 2019 டிசம்பரில் நொடித்துப்போகாமல் காக்கும் சட்டப்படியான மீட்பு நடவடிக்கைக்குள் போய், சேவை நின்று, 2021 செப்டம்பரில்தான் மீண்டும் பறந்தது. எல்லாவற்றையும் ஒரே விமான நிறுவனத்திடம் ஆண்டுக்கணக்கில் தேக்கி வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செலவழிக்கும் காலம்

டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு எமிரேட்ஸிலேயே போய்விடலாம். ஆனால் மார்கழிக் கச்சேரிக்கும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால், மைலில் எடுக்கும் இருக்கைகள்தான் முதலில் தீரும். இருக்கைகள் ஏறக்குறைய 11 மாதம் முன்பே திறக்கும். அதாவது வருகிற டிசம்பர் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே மைல் கணக்கில் இருக்க வேண்டும். தீபாவளிக்கும் நவம்பர் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனைக்கும் வாங்கியவற்றின் புள்ளி உறுதியாக இரண்டு, மூன்று மாதம் ஆகலாம்; அவை அடுத்த ஆண்டுப் பயணத்துக்குச் சரியாக வந்து சேரும். விசுவாசத் திட்டங்கள் புள்ளியைச் செலவழிக்கும் வசதியை ஆண்டுக்கு மொத்தம் 90 நாள்வரை நிறுத்திவைக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த நாள்கள் எவை என்று முன்பே அறிவிப்பார்கள். உங்கள் பயணத் தேதியை அதோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.