அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு ஆவணங்கள்: சுருக்கப்பெயர்களைப் பிரித்து வாசிக்கும் முறை

அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்புத் திட்டங்களைப் பற்றிய அரசு அறிக்கை ஒன்றைத் திறந்தால், முதல் பத்தியிலேயே ஜி.எம்.டி., ஜி.பி.ஐ., சி.டி.ஆர்., எல்.ஆர்.ஐ.பி. என்று எழுத்துக் கொத்துகள் வரிசையாக வந்து நிற்கும். புதிதாக வாசிப்பவர் வழக்கமாக ஒரு விளக்கப் பட்டியலைத் தேடி எடுத்து ஒவ்வொன்றையும் விரித்துப் பார்ப்பார். அது பெரிதாக உதவுவதில்லை. விரிவு தெரிந்த பிறகும் அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பது பிடிபடாமலே இருக்கும். இந்த ஆவணங்களில் இரண்டு வகைப் பெயர்கள் கலந்து வருகின்றன. ஒரு வகை, வந்துகொண்டிருக்கும் ஏவுகணையைக் கண்டறிந்து அழிக்கும் கருவிகளுக்கு உரியது. மற்றொரு வகை, அந்தக் கருவிகளை வடிவமைத்து, சோதித்து, பணம் ஒதுக்கி வாங்கும் நடைமுறைக்கு உரியது. ஒரு சுருக்கப்பெயர் இவற்றில் எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துவிட்டால், விரிவை மனப்பாடம் செய்யாமலே பாதிப் பொருள் விளங்கிவிடும்.

தொடங்கும் முன் ஒரு சிறு எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ஒரே ‘டி’யாகிவிடுகின்றன. ஆகவே இங்கே படித்த சுருக்கப்பெயரை மூல ஆவணத்தில் தேடும்போது, விரிவையும் சேர்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: தேதியையும் வெளியிட்ட அலுவலகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

இத்துறையில் பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1983 மார்ச் 23 அன்று அதிபர் ரீகன் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை நடத்த, 1984இல் எஸ்.டி.ஐ.ஓ. என்ற அமைப்பு உருவானது. அது 1993இல் பி.எம்.டி.ஓ. ஆயிற்று, 2002 ஜனவரியில் எம்.டி.ஏ., அதாவது ஏவுகணைத் தடுப்பு முகமை ஆயிற்று. மூன்றும் ஒரே அமைப்பின் தொடர்ச்சி என்பது தெரியாவிட்டால், பழைய அறிக்கைகளில் மூன்று நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்ததாகத் தோன்றும். அதேபோல் தாட் என்ற தடுப்பு அமைப்பின் பெயரில் முதல் எழுத்து தொடக்கத்தில் ‘தியேட்டர்’, அதாவது போர்க்களப் பகுதி, என்பதைக் குறித்தது. 2004 முதல் ‘டெர்மினல்’, அதாவது இறுதிக்கட்டம், என்பதைக் குறிக்கிறது. எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

வெளியிட்டவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். எம்.டி.ஏ. தன் திட்டங்களைப் பற்றித் தானே எழுதுவது ஒரு வகை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. எழுதுவது இன்னொரு வகை. செலவும் காலதாமதமும் அங்கேதான் வெளிப்படையாகப் பேசப்படும். பாதுகாப்புத் துறைக்குள்ளேயே இருந்துகொண்டு சோதனைகளைத் தனியாக மதிப்பிடும் இயக்குநர் அலுவலகமும் உண்டு. ஒரே சோதனையைப் பற்றி இம்மூன்றும் சொல்வதை அருகருகே வைத்து வாசிப்பதுதான், என் கருத்தில், இத்துறையைக் கற்றுக்கொள்ள மிக விரைவான வழி.

படி 2: எதிரி ஏவுகணையின் தூரத்தையும் பறப்புக் கட்டத்தையும் கண்டுபிடியுங்கள்

தூர வகைகள் நான்கு. எஸ்.ஆர்.பி.எம். என்பது 1,000 கிலோமீட்டருக்குள் பாயும் குறுந்தூர ஏவுகணை. எம்.ஆர்.பி.எம். 1,000 முதல் 3,000 வரை, ஐ.ஆர்.பி.எம். 3,000 முதல் 5,500 வரை. அதற்கு மேல் ஐ.சி.பி.எம்., நாம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை என்று செய்திகளில் படிப்பது. பின்னால் வரும் ‘பி.எம்.’ எப்போதும் பாலிஸ்டிக் ஏவுகணைதான்.

பறப்புக் கட்டங்களில் முதலாவது, எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும் உந்து கட்டம். அடுத்தது, விண்வெளியில் எஞ்சின் அணைந்து மிதந்து செல்லும் இடைக்கட்டம். கடைசியாக, மீண்டும் வளிமண்டலத்துக்குள் நுழைந்து இலக்கை நோக்கி விழும் இறுதிக்கட்டம். பல திட்டங்களின் பெயரிலேயே கட்டம் ஒளிந்திருக்கிறது. ஜி.எம்.டி. எனும் தரைவழித் தடுப்புத் திட்டத்தின் பெயரில் நடு எழுத்து ‘மிட்கோர்ஸ்’, அதாவது இடைக்கட்டம். தாட் இறுதிக்கட்டம் என்பதை மேலே பார்த்தோம். பெயரில் இல்லாவிட்டால், ‘எக்ஸோ’ என்ற முன்னொட்டைத் தேடுங்கள். வளிமண்டலத்துக்கு வெளியே நடக்கும் மோதல் என்று அதற்குப் பொருள். ‘எண்டோ’ என்றால் உள்ளே. கப்பலிலிருந்து ஏவும் எஸ்.எம்.-3 இடைமறிப்பு ஏவுகணை வெளியே தாக்குவது, தரையில் நகரும் பேட்ரியட் உள்ளே தாக்குவது, தாட் இரண்டு பக்கமும் தாக்கவல்லது.

படி 3: கருவி கண்ணா, கையா, மூளையா என்று பிரியுங்கள்

ஆயுதப் பக்கத்தில் உள்ள எந்தச் சுருக்கப்பெயரும் உணரி, இடைமறிப்பு ஏவுகணை, கட்டளைப் பின்னல் ஆகிய மூன்றில் ஒன்றில் அடங்கும். கட்டளைப் பின்னலுக்கு ஒரே பெயரை நினைவில் வைத்தால் போதும்: சி2பி.எம்.சி. வெவ்வேறு இடங்களில் உள்ள ரேடார்களின் தகவலை ஒன்றுசேர்த்து, சுட வேண்டிய பிரிவுக்குக் கொண்டுசேர்ப்பது அதுதான்.

உணரிகளின் பெயர்களில் உண்மையான சுவை இருக்கிறது. ஏ.என்./டி.பி.ஒய்.-2 என்பது வாய்க்கு வராத பெயர். ஆனால் அமெரிக்க ராணுவ மின்னணுக் கருவிகளுக்கான பெயரிடும் முறை தெரிந்தால் அதை எழுத்தெழுத்தாக அவிழ்க்கலாம். சாய்கோட்டுக்கு அடுத்த முதல் எழுத்து கருவி எங்கே நிறுவப்படுகிறது என்று சொல்லும். இரண்டாவது அது எவ்வகைக் கருவி என்று சொல்லும். ‘பி’ வந்தால் ரேடார். மூன்றாவது அதன் பணியைச் சொல்லும். ஆகவே டி.பி.ஒய். என்பது தரையில் இடம் மாற்றி வைக்கக்கூடிய, கண்காணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்குமான ரேடார். அதே முறையில் எஸ்.பி.ஒய். என்றால் கப்பலில் பொருத்தியது. ஏஜிஸ் எனும் தடுப்பு அமைப்பு பொருத்திய போர்க்கப்பல்களின் ரேடார்கள் அப்படித்தான் பெயர் பெறுகின்றன. எஃப்.பி.எஸ். என்றால் ஓரிடத்தில் நிலையாக நிறுவிய தேடுதல் ரேடார்; எம்.பி.க்யூ. என்று தொடங்கும் பேட்ரியட் ரேடார் வாகனத்தில் நகர்வது. முதல் எழுத்தை மட்டும் பார்த்தே அந்த ரேடாரை ஓரிடத்திலிருந்து எடுத்துச் செல்ல முடியுமா என்று சொல்லிவிடலாம்.

ஏவுகணைகளுக்கும் இதே போன்ற முறை உண்டு. பேட்ரியட்டின் அலுவல் பெயர் எம்.ஐ.எம்.-104, எஸ்.எம்.-3இன் பெயர் ஆர்.ஐ.எம்.-161. முதல் எழுத்து எங்கிருந்து ஏவுகிறார்கள் என்பது: ‘எம்’ நகரும் தரைவண்டி, ‘ஆர்’ கப்பல். நடுவில் வரும் ‘ஐ’ வான் இலக்கை இடைமறிப்பது. கடைசி ‘எம்’ வழிநடத்தப்படும் ஏவுகணை.

ஜி.பி.ஐ. என்பது ஜி.எம்.டி. திட்டத்தின் தரைவழி இடைமறிப்பு ஏவுகணை. 44 ஏவுகணைகள் நிறுவப்பட்டன. அவற்றில் 40 அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில், 4 கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க்கில். இதன் முனையில் இருந்து பிரிந்து சென்று மோதும் சிறு கலம் ஈ.கே.வி. முடிவில் ‘கே.வி.’ என்று வந்தால் அது தாக்கு கலம் மட்டுமே, முழு ஏவுகணை அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் செய்திகள் ஏராளம். கடைசிப் பயிற்சியில் இது மீண்டும் தேவைப்படும். ‘ஹிட் டு கில்’ என்ற தொடர் வந்தால், வெடிமருந்து இல்லாமல் நேரடியாக மோதும் வேகத்தாலேயே அழிப்பது என்று பொருள். பேட்ரியட்டின் பி.ஏ.சி.-3 வகை அப்படிப்பட்டது; அதற்கு முந்தைய பி.ஏ.சி.-2 அருகில் வெடித்துச் சிதறல்களால் தாக்குவது.

எஸ்.எம்.-3 பிளாக் ஒன்று-பி, இரண்டு-ஏ போன்றவற்றில் ரோம எண் மாறினால் பெரிய மாற்றம், எழுத்து மாறினால் அதே வடிவத்தின் மேம்பாடு. ஏஜிஸ் மட்டும் சுருக்கப்பெயரே அல்ல. கிரேக்கப் புராணக் கேடயத்தின் பெயர். விரிவு தேட வேண்டாம்.

படி 4: சோதனைக் குறியீடுகளை அவிழுங்கள்

எஃப்.டி. என்று தொடங்கினால் பறப்புச் சோதனை. அடுத்த எழுத்து எந்தத் திட்டம் என்பதைக் காட்டும்: எஃப்.டி.ஜி. தரைவழி ஜி.எம்.டி., எஃப்.டி.எம். ஏஜிஸின் எஸ்.எம். ஏவுகணை, எஃப்.டி.டி. தாட், எஃப்.டி.ஓ. பல திட்டங்களைச் சேர்த்துச் செய்யும் செயல்பாட்டுச் சோதனை. 2017 மே 30 அன்று நடந்த எஃப்.டி.ஜி.-15இல்தான் ஜி.எம்.டி. முதன்முறையாக ஐ.சி.பி.எம். தர இலக்கை அழித்தது. 2020 நவம்பரில் எஃப்.டி.எம்.-44இல், எஸ்.எம்.-3 பிளாக் இரண்டு-ஏ ஏவுகணையும் அத்தகைய இலக்கை வீழ்த்தியது. எண்களைப் பார்த்து வரிசையைக் கணிக்காதீர்கள், எஃப்.டி.ஜி.-11 நடந்தது 2019 மார்ச்சில், அதாவது 15க்குப் பிறகு. எண் திட்டமிட்டபோது இடப்படுவது, நடந்த வரிசை அல்ல.

படி 5: கொள்முதல் பக்கத்தில் திட்டம் எந்த வாசலில் நிற்கிறது என்று பாருங்கள்

வழக்கமான அமெரிக்க ராணுவக் கொள்முதலில் மூன்று வாசல்கள் உண்டு. மைல்ஸ்டோன் ஏ தாண்டினால் தொழில்நுட்பத்தை முதிரச் செய்யும் கட்டம். மைல்ஸ்டோன் பி தாண்டினால் ஈ.எம்.டி., அதாவது பொறியியல் உருவாக்கக் கட்டம்; திட்டம் முறையாகப் பிறப்பது இங்கேதான். மைல்ஸ்டோன் சி தாண்டினால் உற்பத்தி. வாசல்களுக்கு இடையே வடிவமைப்பு ஆய்வுகள் வரும்: பி.டி.ஆர். முதற்கட்ட வடிவமைப்பை ஆராய்வது, சி.டி.ஆர். இனி செய்து பார்க்கலாம் என்ற அளவுக்கு வடிவமைப்பு முடிந்துவிட்டதா என்று ஆராய்வது. தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை டி.ஆர்.எல். என்ற 1 முதல் 9 வரையான அளவுகோல் காட்டும்; 6 என்றால் பயன்பாட்டுச் சூழலை ஒத்த சூழலில் முன்மாதிரி இயங்கிக் காட்டியிருக்கிறது என்று பொருள். எல்.ஆர்.ஐ.பி. என்பது சிறு அளவிலான தொடக்க உற்பத்தி, எஃப்.ஆர்.பி. முழு அளவு உற்பத்தி. ஐ.ஓ.சி. வந்தால் முதல் பிரிவு பயன்படுத்தத் தயார், எஃப்.ஓ.சி. வந்தால் திட்டமிட்ட முழுமையும் தயார்.

மைல்ஸ்டோன் பியில் செலவு, காலம், திறன் ஆகியவற்றுக்கு ஓர் அடிப்படைக் கணக்கு எழுதப்படும். ஓர் அலகின் செலவு நடப்பு அடிப்படைக் கணக்கைவிட 15 சதவீதம் அல்லது முதலில் எழுதிய கணக்கைவிட 30 சதவீதம் உயர்ந்தால், 1982இல் கொண்டுவரப்பட்ட நன்-மெக்கர்டி விதிப்படி காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 25 அல்லது 50 சதவீதத்தைத் தொட்டால், அத்திட்டம் நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்பது உட்படச் சிலவற்றைப் பாதுகாப்புச் செயலர் சான்றளிக்காவிட்டால் அதை நிறுத்தியாக வேண்டும். ‘நன்-மெக்கர்டி மீறல்’ என்ற தொடர் அறிக்கையில் வந்தால் அதற்கு அடுத்த பத்தியை இருமுறை வாசியுங்கள்.

இதை அப்படியே எம்.டி.ஏ.வுக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். 2002 ஜனவரியில் அன்றைய பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட் வெளியிட்ட ஆணை, அந்த முகமையை வழக்கமான தேவை நிர்ணய முறையிலிருந்தும் கொள்முதல் விதிகளிலிருந்தும் விலக்கியது. விரைவாக ஏதாவதொரு தடுப்பை நிறுவ வேண்டும், பிறகு படிப்படியாக மேம்படுத்தலாம் என்பது அதன் நோக்கம். இதனால் எம்.டி.ஏ. திட்டங்களில் மேற்சொன்ன வாசல்கள் பல நேரம் அதே பெயரில் தென்படா. அவை எங்கே தொலைந்தன என்று தேடிப் பயனில்லை. விலக்கின் விலை, ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான அடிப்படைக் கணக்கு இல்லாமற்போனது. ஜி.ஏ.ஓ. இதைப் பல அறிக்கைகளில் குறை கூறியது. பின்னர் அடிப்படைக் கணக்கைக் காங்கிரஸ் சட்டத்தின் வழியே கட்டாயமாக்கியது. விரைவு வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது, ஆனால் வாசகனின் பக்கத்திலிருந்து பார்த்தால், இந்த விலக்கால்தான் பழைய செலவுக் கணக்குகளைத் தொடர்ந்து பின்பற்றுவது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

பணத்தின் வகைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆர்.டி.டி. அண்ட் ஈ. என்பது ஆராய்ச்சி, உருவாக்கம், சோதனைக்கான ஒதுக்கீடு. பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் ஒப்பந்தமாக வேண்டும். கொள்முதல் ஒதுக்கீட்டுக்கு 3 ஆண்டுகள், ஓ. அண்ட் எம். எனும் இயக்கப் பராமரிப்புக்கு 1 ஆண்டு. ஒப்பந்தங்களில் ‘சி.பி.’ என்று தொடங்கினால் ஆகும் செலவை அரசு ஏற்கிறது, ‘எஃப்.எஃப்.பி.’ என்றால் விலை உறுதி, அதற்கு மேல் ஆவது நிறுவனத்தின் பொறுப்பு.

படி 6: இரட்டைப் பொருள் உள்ளவற்றைத் தனியே எழுதி வையுங்கள்

எம்.டி.ஏ. ஏவுகணைத் தடுப்பு முகமையையும் குறிக்கும்; மைல்ஸ்டோனைத் தாண்ட அனுமதிக்கும் அதிகாரியையும் குறிக்கும். ‘எம்.டி.ஏ. ஒப்புதல்’ என்று வந்தால் நின்று யோசியுங்கள். ஈ.எம்.டி. என்பதன் முன்னால் ஜி.எம்.டி.யை வைத்துப் பார்த்தால் இரண்டும் உறவு போலத் தோன்றும். ஒன்று கொள்முதல் கட்டம், மற்றது ஆயுதத் திட்டம். ஓ.டி.ஏ. சில இடங்களில் செயல்பாட்டுச் சோதனை அமைப்பு, சில இடங்களில் வழக்கமான கொள்முதல் விதிகளுக்கு வெளியே ஒப்பந்தம் செய்யும் அதிகாரம். ஏ.ஓ.ஏ. கொள்முதல் பக்கத்தில் மாற்று வழிகளின் ஒப்பாய்வு, பறப்பியல் பக்கத்தில் காற்றோடு ஏவுகணை சாயும் கோணம். சி.டி.ஆர். ஒரு மனிதரின் பெயருக்கு முன் வந்தால் கடற்படைக் கமாண்டர்.

படி 7: ஒரு வாக்கியத்தை அவிழ்த்துப் பாருங்கள்

“ஜி.எம்.டி. திட்டத்தில் ஈ.கே.வி.க்கு மாற்றாக எம்.டி.ஏ. உருவாக்கிவந்த ஆர்.கே.வி., சி.டி.ஆர். தள்ளிப்போன நிலையில் 2019 ஆகஸ்டில் கைவிடப்பட்டது, பின்னர் என்.ஜி.ஐ. தொடங்கியது.”

ஆயுதப் பக்கம்: ஜி.எம்.டி., ஈ.கே.வி., ஆர்.கே.வி., என்.ஜி.ஐ. கொள்முதல் பக்கம்: சி.டி.ஆர். மட்டும். எம்.டி.ஏ. ஒன்றை உருவாக்குவதால் அது முகமை, ஒப்புதல் தரும் அதிகாரி அல்ல. சி.டி.ஆர். தள்ளிப்போனது என்றால் வடிவமைப்பே முடியவில்லை. உற்பத்தியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இனி ஈற்றெழுத்துகளைப் பாருங்கள். ‘கே.வி.’ என்று முடிவதால், முதலில் திட்டமிட்டது இருக்கும் ஏவுகணையின் முனையில் உள்ள தாக்கு கலத்தை மட்டும் மாற்றுவது. என்.ஜி.ஐ.யின் ஈற்றெழுத்து ‘இன்டர்செப்டர்’, ஆகவே உந்துவிசைப் பகுதியும் சேர்ந்த முழு ஏவுகணையையே புதிதாகச் செய்ய முடிவெடுத்தார்கள். 2021இல் இரண்டு தொழிற்குழுக்களுக்குத் தரப்பட்ட அந்தப் பணியில், 2024 ஏப்ரலில் லாக்ஹீட் மார்ட்டின் தேர்வானது. அடுத்து உங்கள் கைக்கு வரும் அறிக்கையில் என்.ஜி.ஐ.க்கு அருகே சி.டி.ஆர்., எஃப்.டி.ஜி., எல்.ஆர்.ஐ.பி. ஆகியவற்றில் எது வந்திருக்கிறது, முடிந்ததாக எழுதியிருக்கிறார்களா திட்டமிட்டதாகவா என்று குறித்துக்கொண்டு, முந்தைய ஆண்டு அறிக்கையின் அதே வரியோடு வைத்துப் பாருங்கள்.