கொலாஜ் ஒட்டும் தாள்களை வீட்டிலேயே தயாரிப்பது எப்படி

கொலாஜ் என்பது தாள் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படமாக்கும் கலை. அதைப் பழக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கடைக்குப் போய் பூப்போட்ட தாள் கட்டு ஒன்றை வாங்கிவந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒட்டி முடித்த படம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் என்னுடையது என்று சொல்ல எதுவும் இல்லை, யாரோ வரைந்த பூவை நான் வெட்டி ஒட்டியிருந்தேன். அதற்கப்புறம் தாளையும் நானே செய்யத் தொடங்கினேன். என்ன படம் என்று யோசிக்காமல் முதலில் தாள் செய்யுங்கள், ஒரு கட்டு சேர்ந்தபிறகு படத்தைப் பற்றி யோசிக்கலாம். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், 1941-இல் பெரிய அறுவை சிகிச்சை நடந்தபிறகு, வயதான காலத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் வெள்ளைத் தாளில் வண்ணம் பூசிக் காயவைத்துக் கொடுப்பார்கள், அவர் அதிலிருந்தே உருவங்களை வெட்டினார்.

தாளும் வண்ணமும்

ஜெராக்ஸ் தாள், மளிகைக் கடைக் காக்கித் தாள், டிஷ்யூ தாள், பழைய புத்தகப் பக்கங்கள். தொடங்க இவை போதும். பெங்களூரில் இருப்பவர்கள் ஒருநாள் அவென்யூ ரோடு போய்வாருங்கள். பழைய புத்தகக் கடைகளும் ஸ்டேஷனரிக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கும், பல கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். அட்டை போன கணக்குப் புத்தகம், அட்லஸ் கிடைத்தால் விடாதீர்கள். செய்தித்தாளை மட்டும் நான் தவிர்க்கிறேன். அதில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால் வெயிலும் காற்றும் பட்டுச் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்கும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் வாங்குங்கள். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், ஒட்டும்போது பசையோடு சேர்ந்து வழிந்துவிடும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் கரையாது.

முதலில் பசைத் தாள்

வண்ணம் கலந்த பசையைத் தாளில் பூசி, ஈரத்திலேயே கோடு இழுத்துச் செய்வது பசைத் தாள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐரோப்பாவில் புத்தகம் கட்டுகிறவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் முறை. சுவரொட்டிக்குக் காய்ச்சுகிற அதே மைதாப் பசைதான் இதற்கும்.

மூன்று மேசைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைத்ததை அதில் ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போல ஆனதும் இறக்கி ஆறவிட்டு வடிகட்டுங்கள். தயிர் பதத்தில் இருக்க வேண்டும். நான்கு கரண்டி பசைக்கு ஒரு கரண்டி அக்ரிலிக் கலந்துகொள்ளுங்கள். மீதிப் பசை ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள்.

சரி, இப்போது தாளை ஈரத் துணியால் லேசாகத் துடைத்து பிளாஸ்டிக் விரிப்பின்மேல் போடுங்கள். அகலமான பிரஷ்ஷால் வண்ணப் பசையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுங்கள். நேராக இழுத்தால் கோடு, கையை அசைத்தபடி இழுத்தால் அலை, ஒரு முனையை ஊன்றிச் சுழற்றினால் விசிறி வரும். பிடிக்காவிட்டால் மறுபடி பிரஷ் ஓட்டி அழித்துவிட்டு இன்னொரு முறை இழுக்கலாம். காய்ந்ததும் தாள் சுருண்டுதான் நிற்கும். பின்பக்கமாக, மேலே ஒரு வெள்ளைத் தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் படிந்துவிடும்.

அச்சும் துளையும்

சமையலறையைச் சுற்றிப் பாருங்கள். குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் நட்சத்திரப் பூவாகப் பதியும். ஆனால் அதைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்ணம் வழுக்கும். மார்கழியில் கடைகளில் விற்கும் துளை போட்ட கோலத் தட்டு இருக்கிறதே, அது அருமையான ஸ்டென்சில். டிஷ்யூ தாள்மேல் தட்டை வைத்து, ஸ்பாஞ்சில் மிகக் கொஞ்சமாக வண்ணம் தொட்டுச் செங்குத்தாகத் தட்டுங்கள். தேய்த்தால் தட்டுக்கு அடியில் வண்ணம் கசியும். டிஷ்யூவை ஒட்டியபிறகு வெறும் இடம் அடித்தாளோடு கலந்துபோய்ப் புள்ளிகள் மட்டும் மிதப்பதுபோல் தெரியும். இதற்காகவே பத்துத் தாளாவது செய்துவைக்கிறேன்.

இலை அச்சுக்குப் பெங்களூர் கப்பன் பார்க்கில் கீழே விழுந்து கிடக்கிற அரச இலை போதும். நரம்பு எடுப்பாக இருக்கும் பின்பக்கத்தில் வண்ணம் பூசி அழுத்துங்கள். மிஞ்சிய காபி டிகாக்‌ஷனில் புத்தகப் பக்கத்தை நனைத்தால் பழைய ஏடு நிறம் வரும். மஞ்சள் தண்ணீரும் அழகுதான், சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பாக மாறும். ஆனால் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

சேகரிப்பு

தினசரி காலண்டரில் கிழித்த தாள், துணிக்கடைப் பை, தபால் உறை, கல்யாணப் பத்திரிகை எதையும் எறியாதீர்கள். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்த பத்திரிகைகள் வரும், சிலதில் இரண்டு மொழியும் பக்கம் பக்கமாக. மூலையில் தடவிய மஞ்சளோடு அதை அப்படியே எடுத்துவைப்பேன். சாமி படம் உள்ள பகுதியை நான் வெட்டுவதில்லை. வெட்டினால் மனசுக்கு ஒப்பாது, வீட்டில் பெரியவர்களும் வருத்தப்படுவார்கள். ஓரத்து வேலைப்பாடும் உறையுமே போதுமானது.

பஸ்ஸில் மெஷினில் அடித்துக் கொடுக்கும் டிக்கெட்டும் கடை ரசீதும் சூட்டால் பதிகிற எழுத்து. சில மாதங்களிலேயே மங்கிவிடும். கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த நகல் பசை பட்டால் பரவும், கடை ஜெராக்ஸ் பெரும்பாலும் பரவாது. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதி, இடம் எழுதிவிடுங்கள்.

எடுத்துவைப்பது

இதில் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஒரு ஜூலை மழையில், காய்ந்துவிட்டது என்று நினைத்து முப்பது அக்ரிலிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கனமான புத்தகம் வைத்தேன். மறுவாரம் எடுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தன. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அக்ரிலிக் உள்ளே மென்மையாகவே இருக்கும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் கொடியில் தொங்கட்டும். அடுக்கும்போது இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள், மேலே கனம் வேண்டாம். மாவுப் பசை இருப்பதால் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வரும். நான் பெட்டியில் வசம்புத் துண்டு போட்டு, மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுகிறேன். நிறவாரியாகப் பிரித்து வைத்தால் தேடுவது சுலபம்.

முதல் படம்

அஞ்சலட்டை அளவில் கெட்டி அட்டை ஒன்று போதும். பெட்டியிலிருந்து அதிகம் யோசிக்காமல் ஐந்து தாள்களை எடுங்கள். அதில் ஒன்று அமைதியாக, கோடும் பூவும் இல்லாமல் இருக்கட்டும். எல்லாத் தாளும் சத்தம் போட்டால் கண் தங்க இடம் இருக்காது. சிலதைக் கத்தரியுங்கள், சிலதைக் கையால் கிழியுங்கள். உங்கள் பக்கமாக இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளை விளிம்பு வரும்.

ஒட்டாமல் முதலில் பரப்பிப் பாருங்கள். திருப்தியானதும் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, அட்டையிலும் தாளின் பின்பக்கத்திலும் மெல்லிசாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவுங்கள். பெரிய துண்டுகள் முதலில், டிஷ்யூ கடைசியில். முழுதும் ஒட்டியபிறகு பட்டர் பேப்பர் மூடி, ஒரு இரவு புத்தகத்துக்கு அடியில் வையுங்கள்.