இரண்டு காயல்கள், ஒரே வலை: மீன்களை ஒப்பிடும் முறை

முதல் முறை பழவேற்காட்டில் முகத்துவாரத்தருகே இரவு முழுவதும் வலை வைத்தேன். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டின் உட்புறத்தில், பட்டப்பகலில் இரண்டு மணி நேரம். பழவேற்காட்டில்தான் மீன்வகை அதிகம் என்று எழுதியும்விட்டேன். அது இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு என்பது அடுத்த ஆண்டு மறுபடி வலை வைத்தபோதுதான் விளங்கியது. அந்தப் பிழை உங்களுக்கு நேரக்கூடாது.

இரண்டிலும் வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள பகுதிகள் உண்டு; அனுமதி வாங்குங்கள். பழவேற்காட்டில் பாடு முறைப்படி யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்திருப்பார்கள். ஊரைக் கேட்காமல் வலையை இறக்குவது அவர்கள் சோற்றில் கை வைப்பது.

ஒவ்வொரு காயலிலும் முகத்துவாரம், நடுப்பகுதி, ஆற்று நீர் சேரும் முனை என மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வலையின் நீளம், கண்ணி அளவு, ஊறும் நேரம் (வலை தண்ணீரில் கிடக்கும் நேரம்), நிலவின் நாள் எல்லாம் இரு காயலிலும் ஒன்றாக இருக்கட்டும். செவுள் வலை மட்டும் போதாது. நீந்தித் திரியும் மடவையும் கொடுவாவும் அதில் சிக்கும். சேற்றோடு ஒட்டி வாழும் உளுவை சிக்காது. அதற்குச் சிறு கண்ணி வலையை இருவர் பிடித்து, அளந்த தூரத்துக்கு இழுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஆழம், வெப்பம், உப்பு மூன்றையும் குறியுங்கள். பழவேற்காட்டு மீனவர் ஒருவர், "முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள் தம்பி, அப்புறம் மீனை எண்ணலாம்" என்றார். மடவை கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். முகத்துவாரத்தை மணல் மூடிய கோடையில் உப்பு, கடல்நீரின் அளவான கிலோவுக்கு 35 கிராமைத் தாண்டுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அதே இடம் வேறு காயல்போல இருக்கும். ஆகவே கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரு முறையாவது போங்கள்.

ஊருக்கு ஊர் மீன் பெயர் மாறும். உள்ளூர்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதுங்கள். மடவைக் குஞ்சுகளை இனம் பிரிக்க முடியாவிட்டால் இரு பட்டியலிலும் 'மடவைக் குஞ்சு' என்றே இருக்கட்டும். ஒன்றில் மட்டும் பிரித்தால் கணக்கு கெடும்.

ஒப்பிட பிரே-கர்ட்டிஸ் அளவு போதும்; இரு பட்டியல்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணாக அது சொல்லும். ஒன்றில் மடவை 40, கிழங்கான் 10. மற்றதில் மடவை 10, கிழங்கான் 10, கெளுத்தி 30 என்று வைத்துக்கொள்வோம். பொதுவான இனங்களின் சிறிய எண்களைக் கூட்டினால் 20. அதை இரட்டித்து மொத்த மீன்களான 100ஆல் வகுத்தால் ஒற்றுமை 0.4. காரப்பொடிக் கூட்டம் ஒன்று ஐந்நூறாக வலையில் விழுந்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அப்போது எல்லா எண்களுக்கும் வர்க்கமூலம் எடுத்த பிறகு கணக்கிடுங்கள்.

எந்த வலை, எந்த இடம், எத்தனை மணி என்பதைப் பென்சிலால் சீட்டில் எழுதி மீன் பையின் உள்ளேயே போடுங்கள். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடும்.