சின்ன கார் வாங்கும்போது: எந்த இன்ஜின், எந்த வீல்?

புக்கிங் தொகை கட்டும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதில் ஒரே மூச்சில் 20 கிலோமீட்டருக்கு மேல் போகிற பயணம் எத்தனை? வீட்டுத் தெருவிலிருந்து மெயின் ரோடு வரை சாலை எந்த லட்சணத்தில் இருக்கிறது? முதல் இரண்டுக்கான பதில் இன்ஜினைச் சொல்லிவிடும், மூன்றாவது வீலைச் சொல்லிவிடும்.

இன்ஜின்

நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோலும் சிஎன்ஜியும் 1,200 சிசி வரை, டீசல் 1,500 சிசி வரை. இந்த வரம்புக்குள் வரும் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. சின்ன கார் விவரத்தாள்களில் 1,197, 1,199 என்ற எண்களே திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த வரம்புதான் காரணம்.

மாதம் 800 கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டம் என்றால் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சிறு சுழலி) இல்லாத சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோலே போதும். பராமரிப்புச் செலவு குறைவு, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். டெஸ்ட் டிரைவில் ஒன்றைக் கவனியுங்கள். இப்போது பல சின்ன கார்களில் மூன்று சிலிண்டர்தான். சிக்னலில் நிற்பதுபோல் ஏசியை முழுதாகப் போட்டு நிறுத்தி, ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் அதிர்வு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்கு தினமும் எரிச்சல். பிறகு நான்கு பேரை ஏற்றி, ஏதாவது ஒரு மேம்பாலத்தில் இரண்டாம் கியரில் மெதுவாக ஏறுங்கள். விற்பனையாளரும் நீங்களும் மட்டும் காலி ரோட்டில் ஓட்டினால் எல்லா இன்ஜினும் நன்றாகத்தான் இழுக்கும்.

டர்போ பெட்ரோல் யாருக்கு? மாருதி ஃப்ரான்க்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரே காரில் இரண்டு இன்ஜினும் உண்டு. 1.2 சாதாரண இன்ஜின் 113 நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது சுழற்று விசையை, 4,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) தருகிறது. 1.0 டர்போ தருவது சுமார் 148, அதுவும் 2,000 ஆர்பிஎம்மிலிருந்தே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும், இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போதும் இந்த வித்தியாசம் காலில் தெரியும். ஆனால் நெரிசலில் அடிக்கடி மிதித்தால் மைலேஜ் சரசரவென்று இறங்கும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்கள் டர்போ பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அந்தச் சிறு சுழலியின் பேரிங்குக்கு உயிர்நாடியே இன்ஜின் ஆயில்தான்.

சிஎன்ஜிக்குக் கணக்கு போட்டே ஆக வேண்டும். பெட்ரோல் காரைவிட சுமார் 90 ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஊருக்குள் 16 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய். சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், மைலேஜ் 22 என்றால் 4.09. கிலோமீட்டருக்கு மிச்சம் 2.16 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 42 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,000 ஓடுபவருக்கு மூன்றரை வருடம்; 500 ஓடுபவருக்கு ஏழு வருடம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

கணக்கில் வராத சங்கடங்களும் உண்டு. ஸ்விஃப்ட்டின் அதே 1.2 இன்ஜின் பெட்ரோலில் தரும் சக்தி சுமார் 80 பிஹெச்பி, சிஎன்ஜியில் 69. ஏசி போட்டு ஆள் ஏற்றி மேடு ஏறினால் அந்தக் குறை தெரியும். 60 லிட்டர் சிலிண்டர் என்று எழுதியிருப்பது தண்ணீர் கொள்ளளவு. அதில் ஏறும் கேஸ் 8 முதல் 9 கிலோ, பங்கில் அழுத்தம் குறைவாக இருந்தால் அதுவும் ஏறாது. ஒற்றைப் பெரிய சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். டாடா கார்களில் இரண்டு சிறிய சிலிண்டரைத் தரைக்கடியில் வைப்பதால் பெட்டி வைக்க இடம் மிஞ்சுகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் செய்யும் சோதனை) கட்டாயம். வெளியில் கிட் மாட்டுவதைவிட கம்பெனியே பொருத்தித் தருவதை வாங்குங்கள். வெளியில் மாட்டினால் ஆர்சியில் பதிவு, இன்ஷூரன்ஸில் சேர்ப்பு, வாரன்டி என்று மூன்று இடத்தில் அலைய வேண்டும்.

டீசல் இந்த அளவில் அருகிவிட்டது. கிடைத்தாலும், தினம் 5 கிலோமீட்டர் ஆபீஸ் ஓட்டத்துக்கு வேண்டாம். பிஎஸ்6 (இப்போதைய புகை விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து தீர இன்ஜின் நன்றாகச் சூடாகி, தடையில்லாமல் 15, 20 நிமிடம் ஓட வேண்டும். குட்டிக் குட்டி ஓட்டத்தில் அது நடக்காமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், வார்னிங் விளக்கு எரியும், பிறகு சர்வீஸ் சென்டர் பில்.

வீல்

பெரிய வீல் உள்ள காரின் டயரும் மொத்தத்தில் பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்களில் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்களில் 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் 14 அங்குல டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ., 15 அங்குலத்துக்கு 621. வித்தியாசம் கையகலம்கூட இல்லை, நகத்தளவுதான். ரிம் பெரிதான அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது: பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 120க்கு வந்துவிட்டது. இதே உயரத்தில் 195/55 ஆர்16 என்றால் 107 மி.மீ.தான்.

குழியில் விழும்போது அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்ச் சுவர். அது குறையக் குறைய அடி ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடுப்புக்கும் நேராகப் போகும். ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கினால் உள்ளே நூல் அறுந்து, டயரில் முட்டைபோல் வீக்கம் வரும். அதைப் பங்க்சர் போட்டுச் சரிசெய்ய முடியாது. டயரையே மாற்ற வேண்டும்.

பெரிய வீலால் லாபமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 185 அகலம் நெடுஞ்சாலை வேகத்தில் வளைவிலும் பிரேக்கிலும் நன்றாகப் பிடிக்கும். வாரம் ஒருமுறை சென்னை–திருச்சி ஓடுபவர் 15 அங்குலம் எடுக்கட்டும். தெருவெல்லாம் தோண்டிப் போட்ட ஊரில் இருப்பவருக்கு 14 போதும்; டயர் விலையும் குறைவு. சின்ன காரில் 16 பெரும்பாலும் பார்வைக்காக.

ஸ்டீலா, அலாயா? ஸ்டீல் ரிம் நெளிந்தால் அடித்து நிமிர்த்தலாம். அலாய் வீல் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். அலாய்க்காகவே மேல் வேரியன்ட்டுக்குப் போகிறீர்கள் என்றால், விலை வித்தியாசத்தில் வேறு என்ன வருகிறது என்று பட்டியலைப் பாருங்கள். வெளியில் அலாய் மாட்டுவதானால் பிசிடி (போல்ட் துளைகளின் வட்டம்), ஆஃப்செட் (வீல் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு), நடுத்துளை மூன்றும் பொருந்த வேண்டும். ஸ்விஃப்ட்டுக்கு பிசிடி 4x100, அதாவது நான்கு போல்ட் 100 மி.மீ. வட்டத்தில். நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் சென்டர் ரிங் போடாமல் மாட்டாதீர்கள்; 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. மொத்த உயரம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், டயர் உள்ளே உரசவும் செய்யும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸ் எண் குறையவே கூடாது: 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 88 என்றால் 560.

ஸ்டெப்னியை டிக்கியைத் திறந்து பார்த்தே நம்புங்கள். 2020இல் வந்த விதித் திருத்தப்படி, டயர் அழுத்தம் காட்டும் சென்சாரும் பங்க்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தக் கிட்டால் பயனில்லை. 15 அங்குல அலாயோடு 14 அங்குல ஸ்டீல் ஸ்டெப்னி வருவதும் சகஜம். அதை பங்க்சர் கடை வரை மட்டும், 80க்குக் கீழே ஓட்டுங்கள்.

டெலிவரிக்கு முன் ஐந்து டயரிலும் பக்கச்சுவரில் உள்ள டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்; அது தயாரித்த தேதி. 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒன்று மட்டும் வேறு பிராண்டாகவோ ஒரு வருடம் பழையதாகவோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன் மாற்றித் தரச் சொல்லுங்கள். கூடவே காற்றையும் பாருங்கள். யார்டில் நிறுத்தி வைத்த காரில் டயருக்கு அதிகமாக ஏற்றி வைப்பதுண்டு. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டுங்கள்.