ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி: இரண்டாவது டோஸுக்கு நாள் குறிப்பது எப்படி?

சென்னையில் வளரும் பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லீவு விட்டால் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் பாட்டி வீட்டுக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் பன்றி, கொக்கு ஆகியவற்றிலிருந்து வைரஸை மனிதருக்குக் கொண்டுவருகிறது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் தெரியவந்ததும் 1955-இல், நம் வேலூர்ப் பகுதியில்தான்.

1. தடுப்பூசி அட்டையில் முதல் டோஸின் தேதியையும் ஊசியின் பெயரையும் பாருங்கள். ‘ஜே.இ. 1’ (ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, முதல் டோஸ்) என்று மட்டும் இருந்தால், போட்ட இடத்திலேயே கேட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள். இதைச் செய்யாமல் நாள் குறிக்க உட்காராதீர்கள்.

2. அரசுத் திட்டத்தில் போட்டிருந்தால் வயதுதான் கணக்கு. 9 மாதம் முடிந்ததும் முதல் டோஸ், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. 2025 ஜனவரி 5-இல் பிறந்த குழந்தைக்கு 2026 மே 5-இலிருந்து போடலாம். தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் டோஸும் முத்தடுப்பு பூஸ்டரும் அந்த வயதில்தான் வருகின்றன. ஒரே நாளில் முடித்துவிடலாம். நோய் காணப்படும் மாவட்டங்களில்தான் அரசு இதைப் போடுகிறது என்பதால், உங்கள் பகுதியில் உண்டா என்று கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேளுங்கள்.

3. தனியார் கிளினிக்கில் ஒரு வயதுக்குப் பிறகு ஜெனவாக் அல்லது ஜீவ் போட்டிருந்தால் கணக்கே வேறு: 28 நாள் இடைவெளி. ஜூன் 10-இல் முதல் ஊசி என்றால், அடுத்தது ஜூலை 8. அதற்கு முன்னால் வேண்டாம். இரண்டு டோஸும் ஒரே பெயராக இருப்பது நல்லது.

4. நாள் தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்டுப்போன டோஸைச் சீக்கிரம் போட்டால் போதும். லேசான சளிக்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேளுங்கள்.

5. உயிருள்ள கிருமி வகை ஊசி என்றால் இன்னொரு விஷயம்: சின்னம்மை போன்ற மற்ற உயிருள்ள ஊசிகளை அதே நாளில் போடலாம், இல்லையென்றால் 28 நாள் விட வேண்டும். ஜெனவாக், ஜீவ் போன்ற கொல்லப்பட்ட கிருமி வகைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அரசு நிலையங்களில் வழக்கமான தடுப்பூசி நாள் புதன்கிழமை. அட்டையோடு போங்கள், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அப்புறம், இந்த ஊசி டெங்குவைத் தடுக்காது. மொட்டைமாடித் தொட்டியை மூடுகிற வேலை அப்படியே இருக்கிறது.